பால் நின்றுபோன சமையலறை: பாலக்கோடு பக்கத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இதில் வருகிற குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர்ப்பெயரையும் ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். நான் தர்மபுரி மாவட்டத்தில் பொதுமருத்துவர். பாலையும் விட்ட ஒரு வீட்டில் வைட்டமின் பி12 குறைந்துபோனதைப் பற்றியது இது. என்னைப்போல் சிறிய கிளினிக் வைத்திருப்பவர்களையும், அசைவத்தை விட்டு சைவத்துக்கு மாறியிருக்கிற குடும்பங்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பின்னணி

பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் இடையில் ஒரு கிராமம். நோயாளி அங்கே மூன்று ஏக்கர் விவசாயி, வயது 57. தக்காளி, சாமந்தி, மழை கைகொடுக்கும் வருடத்தில் ராகி. வீட்டில் மனைவி, மகன், மருமகள், கைக்குழந்தை. மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறார். தக்காளி ஏற்றிக்கொண்டு வாரத்தில் நாலைந்து நாள் வெளியூர்.

இவருக்கு 46 வயதில் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது எடை 84 கிலோ. மூன்று மாத சர்க்கரை அளவு 9.2. மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி, கறி இல்லாத நாளில் கருவாடு என்று இருந்தவர். எட்டு வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரோடு தைப்பூசத்துக்கு வடலூர் போயிருக்கிறார். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையாமல் எரிவதைப் பார்த்து, அங்கேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியவர், மறுநாளே வீட்டிலிருந்த கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அன்றோடு கறி நின்றது.

அதற்கு அடுத்த மூன்று வருடங்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் இந்த ஆய்வு ஒருபக்கச் சாய்வாகிவிடும். காலையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும், மதியம் சாமைச் சோறு, கொள்ளு ரசம், அவரைக்காயோ மொச்சையோ, இரவு மோர் ஊற்றிய ராகிக் கூழ். எடை 84இலிருந்து 72க்கு வந்தது. மூன்று மாத அளவு 6.8. இரத்த அழுத்த மாத்திரை பாதியாகக் குறைந்தது. கெட்ட கொழுப்பும் இறங்கியது. சைவ உணவு இவருக்குச் செய்த நன்மை காகிதத்தில் அச்சாகி இருந்தது. யார் என்ன சொன்னாலும் அதை விடமாட்டேன் என்று அவர் நிற்பதற்கு அதுவே போதுமான காரணம்.

ஐந்து வருடங்களுக்கு முன் பாலையும் விட்டார். வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கன்னுக்குட்டி கத்திக்கிட்டே கெடந்துச்சுங்க. அதோட பாலைக் கறந்து நான் சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்தேன். மூணாம் நாள் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் பாலு தொண்டையில எறங்கலீங்க டாக்டரம்மா." மாடுகளை விற்றுவிட்டார். வீட்டில் பால், தயிர், மோர், நெய் எல்லாம் நின்றன. காலையில் வரகாப்பி, மாலையில் சுக்குக் காப்பி. வள்ளலார் வழியில் நடக்கும் இவருடைய சங்கத்தில் உள்ள மற்றவர்கள் பால் குடிப்பவர்கள்தான். இது இவர் தனியாக எடுத்த முடிவு.

எங்களிடம் வருமுன்

பால் நின்று மூன்று வருடங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. இதைக் கவனிக்க வேண்டும். பி12 என்பது இரத்த உற்பத்திக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின்; உணவில் பால், முட்டை, மீன், கறி வழியாகத்தான் கிடைக்கும். நம் ஈரலில் அது சில மில்லிகிராம் சேமிப்பில் இருக்கும். அன்றாடத் தேவையோ இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். வரவு நின்றாலும் சேமிப்பை வைத்து மூன்று முதல் ஐந்து வருடம் வண்டி ஓடும். அதனால் பாலை விட்ட நாளுக்கும் உடம்பு கெட்ட நாளுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரிவதில்லை, நோயாளிக்கும்கூட. "விட்டு மூணு வருஷம் நல்லாத்தானே இருந்தேன்" என்றுதான் இவரும் சொன்னார்.

பிறகு இரண்டு பாதங்களிலும் மதமதப்பு. சில மாதங்களில் பஞ்சு மேல் நடப்பதுபோல் ஆயிற்று. அடுத்து, நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது தெரியாமல் பத்தடி போய்விடுவார். முதலில் பார்த்த இடத்தில் சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றார்கள். எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இன்னோர் இடத்தில் பல்லைப் பார்த்தார்கள். பழுப்புக் கறையும் வரிகளுமாக இருந்தது. முதுகும் கொஞ்சம் இறுக்கம். "உங்க ஊர் போர் தண்ணிதான் காரணம், ஃப்ளோரைடு" என்று சொல்லி கேன் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.

அப்படி நினைத்ததில் தவறு காண முடியாது. எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதல் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது. பழைய ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. எலும்பு ஃப்ளோரோசிஸ் முற்றினால் தண்டுவடத்தை அழுத்தி கால் நரம்பைக் கெடுப்பதும் உண்மைதான். ஆனால் பல்லில் வரும் கறை சிறுவயதில், பல் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீரின் சாட்சி. ஐம்பது வருடத்துக்கு முந்தைய சாட்சியை வைத்து இன்றைய கால் மதமதப்புக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு முதலில் வந்த நினைப்பும் அதுவேதான்.

அதே சமயத்தில் இரத்தம் (ஹீமோகுளோபின்) 9.6 கிராம் என்று வந்ததால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் 11.4க்கு ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. பி12 இல்லாததால் தடைபட்ட இரத்த உற்பத்தியை ஃபோலிக் அமிலம் ஓரளவு ஓட்டிக்கொடுத்துவிடும். நரம்பின் மேலுறையைக் காப்பாற்ற அதனால் முடியாது. இரத்தம் தேறுவதைப் பார்த்து நாம் அமைதியாகிவிடுவோம், தண்டுவடம் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுகிற சைவருக்கு மாத்திரை இல்லாமலே இந்த மறைப்பு ஓரளவு நடக்கலாம், ஏனென்றால் அவற்றில் ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமான ஃபோலேட் தாராளம்.

முதல் நாள் பார்த்தது

கார்த்திகை மாதம், மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். வந்ததற்குக் காரணம் விழுந்ததுதான். இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போட வரப்பில் நடந்தவர், ஒரே மாதத்தில் நான்குமுறை விழுந்திருக்கிறார். பகலில் விழுவதில்லை. "மூஞ்சி கழுவக் கண்ண மூடினா தொட்டிக்குள்ள சாயறாருங்க" என்று மனைவி சொன்னார். இதைச் சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் வழி அறுந்துபோனவர்கள் கண்ணை வைத்துத்தான் நிற்பார்கள். இருட்டிலும் கண்மூடினாலும் நிலை தவறும். நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மூன்று நொடி தாங்கவில்லை.

தட்டினால் அதிரும் இசைக்கவையைப் பாதத்தில் வைத்தேன், கணுக்காலில், முழங்காலில், இடுப்பெலும்பில். இடுப்புக்குக் கீழே அதிர்வே தெரியவில்லை. கால் விரலை மேலே தூக்குகிறேனா கீழே அழுத்துகிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. கணுக்கால் அனிச்சைச் செயல் இல்லை. முழங்காலில் துள்ளலாக இருந்தது. உள்ளங்காலை வருடினால் பெருவிரல் மேல்நோக்கி எழுந்தது. இந்தக் கடைசி அடையாளம் தண்டுவடம் கெட்டிருப்பதற்குரியது. சர்க்கரை நரம்புத் தளர்ச்சியால் அது வராது. நாக்கு வழுவழுவென்று சிவந்திருந்தது. விரல் முட்டிகள் உடம்பின் நிறத்தைவிடப் பல மடங்கு கறுத்திருந்தன. வெயிலில் வேலை செய்கிறவர் என்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நம் மாநிறத் தோலில் பி12 குறைவைக் காட்டும் நல்ல அடையாளம் அது.

மஞ்சப்பையில் பழைய ரிப்போர்ட்டெல்லாம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனைத் தாளில் சிவப்பணுவின் சராசரி அளவு 109 என்று தடித்த எழுத்தில் இருந்தது. 100க்கு மேல் போனாலே பி12, ஃபோலேட் பக்கம் பார்க்க வேண்டும். அன்று எடுத்ததில் 99தான் வந்தது. மாத்திரை அதை இறக்கிவிட்டிருந்தது. பழைய தாள் இல்லையென்றால் எனக்கும் அது தெரிந்திருக்காது.

"அசைவம் சாப்பிடுவீங்களா?" என்ற கேள்விக்கு முந்தைய சீட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் பதில்: சைவம். பால் குடிக்கிறாரா என்று எங்கும் இல்லை. எங்கள் பகுதியில் சுத்த சைவர்கள் குறைவு. பால் குடிக்காத சைவர் என்று ஒருவர் இருப்பார் என்றே நாங்கள் நினைப்பதில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பி12 அளவுக்கு இரத்தம் எடுத்து தர்மபுரி லேபுக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே ஊசி தொடங்கினேன். 1000 மைக்ரோகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், தசையில். தண்டுவடம் கெட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு வாரமும் திரும்பப் பெறக்கூடியதன் அளவு குறையும். ஊசியால் கெடுதல் வருவது அரிது. இரத்தத்தை முதலில் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் முடிவு வந்தது: மில்லிலிட்டருக்கு 112 பிகோகிராம். 200க்குக் கீழே குறைவு.

ஃபோலிக் அமிலத்தைத் தற்காலிகமாக நிறுத்தினேன். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. அந்த மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும் என்பது உறுதியான செய்தி. இவரிடம் வரவே இல்லாத நிலையில் உறிஞ்சுவதும் பழுது. ஆனாலும் சர்க்கரையை நன்றாக வைத்திருக்கிற மருந்து அது, பி12ஐத் தனியாகக் கொடுத்து ஈடுகட்ட முடியும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே மேல் என்று முடிவு செய்தேன்.

தண்ணீரையும் அப்படியே தள்ளிவிடவில்லை. முன்கை, முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்தோம். முன்கையின் இரு எலும்புகளுக்கிடையில் உள்ள சவ்வில், எலும்பு ஃப்ளோரோசிஸில் படிவதுபோல், சுண்ணாம்பு படிந்திருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் தண்டுவடத்தை எதுவும் அழுத்தவில்லை. அதன் பின்பகுதியில் நீளவாக்கில் வெண்மை தெரிந்தது. பி12 குறைவில் வரும் படம் அது.

விரதமும் மருந்தும்

மருத்துவத்தில் எளிதாக இருந்தது ஊசி. கடினமாக இருந்தது பேச்சு.

மகன் முதல் நாளே சொன்னார்: "தினம் ஒரு முட்டையாவது சாப்பிடச் சொல்லுங்க டாக்டர். நீங்க சொன்னா கேப்பாரு." மனைவியும் அதே பக்கம். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தால் அடுத்த முறை வந்திருக்கமாட்டார், அது நிச்சயம். அதைவிட முக்கியமானது, சொல்லத் தேவையும் இல்லை. இவருடைய தட்டில் குறைந்திருந்தது ஒரே ஒரு சத்து. ராகியில் சுண்ணாம்புச்சத்து இருந்தது, கொள்ளிலும் மொச்சையிலும் புரதம் இருந்தது, எடை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அந்தத் தட்டால் தேறியிருந்தன. ஒரு சத்துக்காக மனிதரின் மனச்சாட்சியைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை இல்லை.

ஊசிக் குப்பியை எடுத்தபோது இன்னொரு சிக்கல். மருந்து செக்கச்செவேலென்று இருந்ததைப் பார்த்துப் பின்வாங்கினார். "என்னங்கம்மா, ரத்தமாட்டம் இருக்குது? எதுல இருந்து எடுக்கறாங்க?" நியாயமான கேள்வி. அந்தச் சிவப்பு, மூலக்கூறின் நடுவில் இருக்கும் கோபால்ட் உலோகமும் அதைச் சுற்றிய வளையமும் சேர்ந்து தருவது. நூறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருக்க வேண்டும். 1926இல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் சாகக் கிடந்த சோகை நோயாளிகளுக்குத் தினமும் ஈரலைச் சாப்பிடவைத்துப் பிழைக்கவைத்தார்கள். விப்பிள் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்த்து அவர்களுக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த அந்தச் செம்பொருள் 1948இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று தொழிற்சாலைகளில் பாக்டீரியாவை வளர்த்து, புளிக்கவைக்கும் முறையில் செய்கிறார்கள். மாட்டின் பாலிலும் ஆட்டின் கறியிலும் இருக்கும் பி12கூட அந்தப் பிராணி உண்டாக்கியதல்ல. அதன் வயிற்றில் வாழும் பாக்டீரியா செய்தது. இதை அவரிடம் நிதானமாகச் சொன்னேன். "அப்ப மாவு புளிக்கற மாதிரிங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். கையை நீட்டினார்.

மாத்திரை விஷயத்தில் எனக்கே பாடம் ஆயிற்று. முதலில் நான் எழுதியது ஒரு கேப்ஸ்யூல். பல கேப்ஸ்யூல்களின் உறை ஜெலட்டின்; அது மாட்டெலும்பு, தோல் போன்றவற்றிலிருந்து வருவது. மருந்துக்கடைக்காரர்தான் போன் செய்து, "மேடம், அவர் சைவம்னு சொன்னாரு, இது பரவாயில்லையா?" என்று கேட்டார். உறையில்லாத சாதா மாத்திரையாக மாற்றி எழுதினேன். அவர் கேட்டிராவிட்டால், என்றாவது ஒருநாள் அது தெரிந்து, மருந்தோடு என்னையும் விட்டிருப்பார்.

இவர் தானாக ஒரு வருடமாகச் சாப்பிட்டுவந்தது ஸ்பைருலினா மாத்திரை. "அதுல பி12 நெறய இருக்குதுன்னு போட்டிருந்துச்சுங்க" என்றார். அதில் பெரும்பாலும் இருப்பது பி12 போலத் தோற்றமளிக்கும் வேறு பொருள். நம் உடம்பு அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. பழைய சோற்றுத் தண்ணீரிலும் பி12 இருக்கிறது என்று வீடியோ பார்த்ததாகச் சொன்னார். பழைய சோறு நல்ல உணவு. ஆனால் கெட்டுப்போன தண்டுவடத்தை அதை நம்பி விட முடியாது. முருங்கைக்கீரையிலும் நெல்லிக்காயிலும் இல்லவே இல்லை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட மண் இது. நெல்லிக்காய் சாப்பாட்டோடு சேர்ந்தால் ராகியிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து நன்றாக ஏறும் என்பதால் அதைத் தொடரச் சொன்னேன். காபி, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒருமணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னேன்.

23ஆம் நாள்

இந்த ஆய்வை எழுதத் தூண்டியது இந்த நாள்தான்.

பெரியவருக்கு ஊசி போடும் நாள். வண்டி எடுக்க ஆள் இல்லாததால் மனைவியோடு மருமகளும் குழந்தையோடு ஆட்டோவில் வந்திருந்தார். குழந்தைக்குச் சளி, அப்படியே பார்த்துவிடுங்கள் என்றார்கள். எட்டு மாதப் பெண் குழந்தை. நெஞ்சில் ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைப் பிடிக்க வரவில்லை. சிரிக்கவில்லை. தலைமுடி மெலிந்து செம்பட்டையாக இருந்தது. "ஆறு மாசத்துல உக்காந்தாளுங்க. இப்ப உக்கார மாட்டேங்கறா. சாதுவான கொழந்தன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் மருமகள். கையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சின்ன முட்டிகள் கறுத்திருந்தன. தாயின் கையைப் பார்த்தேன். அதுவும்.

இரண்டரை வருடம் முன்பு கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவர். அம்மா வீட்டிலும் கறி மாதத்துக்கு ஒருமுறைதான். வந்த வீட்டில் பாலே இல்லை. கர்ப்ப காலம் முழுவதும் அரசாங்கம் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டதால் இரத்தம் பத்தரைக்குக் குறையவில்லை. யாரும் சந்தேகப்பட வழியில்லை. குழந்தைக்குத் தாய்ப்பாலும் ராகிப் பாலும்தான். "உங்களுக்கும் விரதமா?" என்று கேட்டேன். "எனக்கு விரதமெல்லாம் இல்லீங்கம்மா. வீட்டுல பால் வாங்கறதில்ல, அதனால குடிக்கல."

கருவுக்கும் தாய்ப்பாலுக்கும் பி12 பெரும்பாலும் தாய் அன்றன்று சாப்பிடுவதிலிருந்துதான் போகும். தாயின் ஈரலில் இருக்கும் பழைய சேமிப்பு அவ்வளவாக உதவாது. அதனால் தாய்க்கு ஒரு தொந்தரவும் இல்லாதபோதே குழந்தை வெறுங்கையாகப் பிறக்கலாம். கற்ற அசைவுகளைக் குழந்தை மறந்துகொண்டே போகும். நீண்ட நாள் விட்டால் மூளை வளர்ச்சியில் நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். குழந்தையின் இரத்தம் 7.4 கிராம், பி12 90க்கும் கீழே. தாய்க்கு 128. மாமியாருக்கு 214, அவர் பண்டிகைக்குப் பிறந்த வீடு போய் வருகிறவர். வெளியில் சாப்பிடும் மகனுக்கு மட்டும் குறை இல்லை.

பெரியவருக்கு அந்த முடிவைப் படித்துச் சொன்னபோது அவர் அழுதார். பிறகு சொன்னது: "விரதம் எனக்குத்தானுங்க. நான் வீட்டுக்கே வெச்சுட்டேன்." மறுநாள் காலையிலிருந்து அவரே சொம்பை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய் மருமகளுக்கு அரை லிட்டர் பால் வாங்கிவர ஆரம்பித்தார். தடுமாறும் காலோடு. நான் அதைக் கேட்கவில்லை. தாய்க்கும் மாத்திரையே போதும் என்றுதான் சொல்லியிருந்தேன்.

பின் வந்த மாதங்கள்

குழந்தை ஊசி தொடங்கிய நான்காம் நாள் பாட்டியைப் பார்த்துச் சிரித்தது. இரண்டாம் வாரம் கைகளில் நடுக்கம் வந்து எல்லோரும் பயந்துவிட்டோம். மருத்துவம் தொடங்கிய பிறகு இப்படி வருவதுண்டு. மூன்று வாரத்தில் அடங்கியது. பத்தாவது மாதம் மறுபடி உட்கார்ந்தது. பதினேழாவது மாதம் நடந்தது. பேச்சு கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. குழந்தைகள் பிரிவில் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

பெரியவருக்கு முதல் வாரத்திலேயே பசியும் உற்சாகமும் வந்தன. இரண்டாம் மூன்றாம் வாரங்களில் கால் எரிச்சல் கூடியது. நரம்பு தேறத் தொடங்கும்போது சிலருக்கு அப்படி ஆகும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காததால் ஊசியை நிறுத்திவிடலாமா என்று இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டார். மூன்றாம் மாதம் செருப்பு காலில் நின்றது. ஆறாம் மாதம் கண்மூடி நிற்க முடிந்தது, லேசான ஆட்டத்தோடு. ஒரு வருட முடிவில் அதிர்வுணர்வு கணுக்கால்வரை திரும்பியிருந்தது. விரல்களின் மதமதப்பு போகவில்லை. இனிப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வருடத் தாமதத்தின் விலை அது.

மூன்று மாதத்துக்குப் பின் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றினேன்: தினமும் 1000 மைக்ரோகிராம். தேவை இரண்டு மைக்ரோகிராம்தானே என்று மகன் கேட்டார். குடலின் வழக்கமான வழியில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான் ஏறும். மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆயிரம் கொடுத்தால் அந்தக் கசிவே பத்து ஆகிவிடும். மெட்ஃபார்மினைச் சாப்பிடுகிறவருக்கு அது பாதுகாப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் 480. சர்க்கரை முன்புபோலவே கட்டுக்குள். உணவில் எதையும் மாற்றவில்லை.

இப்போது வேறாகச் செய்வது

முதல் நாளே பெரியவரின் வீட்டில் பால் வாங்குவதில்லை என்று தெரியும். அந்த வீட்டில் பாலூட்டும் தாய் இருக்கிறார் என்பதும் பேச்சுவாக்கில் தெரியும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நோயாளியின் தட்டைப் பார்த்தேன், அடுப்பைப் பார்க்கவில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு 22 நாள் என்பது சின்னக் காலம் அல்ல. அந்தச் சளி வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இப்போது என் சீட்டில் சைவமா அசைவமா என்ற கேள்வி இல்லை. பால், தயிர், மோர், முட்டை, மீன், கறி ஒவ்வொன்றும் வாரத்துக்கு எத்தனை நாள், விட்டிருந்தால் எந்த வருடத்திலிருந்து, ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் யார் யார், அதில் கர்ப்பிணியோ பாலூட்டுபவரோ உண்டா. கேட்க இரண்டு நிமிடம் ஆகிறது. அசைவம் என்று சொல்பவர்களிடமும் கேட்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை கறியும் வரகாப்பியுமாக இருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. மெட்ஃபார்மினை நாலைந்து வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 பார்க்கிறேன். சோகைக்கு ஃபோலிக் அமிலம் எழுதுமுன் முட்டிகளையும் நாக்கையும் பார்க்கிறேன், இசைக்கவையைக் கணுக்காலில் வைக்கிறேன்.

பாலையும் விட்ட சைவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பி12 மாத்திரையை அன்றிலிருந்தே சாப்பிடுங்கள், தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கர்ப்பிணியாக இருந்தால் டாக்டரிடம் அதை நீங்களாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

பெரியவர் கடைசியாக வந்தது போன தை மாதம். தனக்காக வரவில்லை. சங்கத்துக்காரர் இருவரைக் கூட்டிவந்திருந்தார். "இவங்களுக்கும் அந்த ரத்தம் பாருங்க டாக்டரம்மா" என்றார். மோர் குடிக்கிற ஒருவருக்கு 310. மற்றவர் பாலை விட்டு நாலு வருடம் ஆனவர், ஒரு தொந்தரவும் இல்லை என்றவர், 151. அவருக்கு மாத்திரை எழுதினேன். அவர் வீட்டில் யார் யார் என்று பெரியவரே என்னை முந்திக்கொண்டு கேட்டார்.